டிக்ளேர் செய்ய ஒன்றுமில்லை

சண்முகரத்தினம் எதையும் முதல் பார்வையில் நம்பியவர் இல்லை. கல்யாணமான புதிதில் தான் போட்டுக் கொடுத்த தேநீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார் என்று அவர் மனைவி பூமணி சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கிள்ளான் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். வெங்காயம் என்று எழுதி வந்த கண்டெய்னரில் சிகரெட்டையும், பொம்மை என்று வந்த பெட்டியில் பட்டாசையும் பார்த்த மனுஷன். வெளியே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாகவே இருக்கலாம் என்ற நினைப்பு அவருக்கு எப்படி வரும்?

ஆகவே அன்று காலை மருமகள் புனிதா அவர் கையில் பட்டையைக் கட்டி, பிரஷர் மெஷினை அமுக்கி, "நூத்தி இருபத்தெட்டு! சூப்பர் லா மாமா!" என்று சொன்னபோதே அவர் முடிவு கட்டிவிட்டார். இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. போன வாரம்தான் கிளினிக்கில் அவருக்கு நூற்று அறுபத்தெட்டு காட்டியது. கூடவே போயிருந்த மகன் ஜெயந்திரன் டாக்டர் ராஜினியிடம் நேரடியாகவே கேட்டான். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் தனக்கு வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், தானும் மனைவியும் போய்விட்டால் அப்பா வீட்டில் தனியாக இருப்பார், விட்டுவிட்டுப் போகலாமா?

டாக்டர் யோசித்துச் சொன்னார். "கிளினிக்குக்கு வந்தாலே பயத்துல சிலருக்கு ஏறும். ரெண்டு வாரம் வீட்ல எடுத்துப் பாருங்க. நார்மலா இருந்தா அங்கிள் தனியா இருக்கலாம், நான் தடுக்க மாட்டேன். இதே மாதிரி நின்னுச்சுன்னா தனியா விடுறது நல்லதில்ல."

வீட்டுக்கு வரும் வழியில் மகன் சொன்னான், "இறங்கினாப் போவம். இல்லாட்டி வேண்டாம் எண்டு சொல்லிடுறன் அப்பா."

"போறதெண்டால் போங்கோ. எனக்கென்ன குறை?" என்றார் சண்முகரத்தினம்.

அது பச்சைப் பொய். அவர்கள் போவதில் அவருக்குத் துளியும் விருப்பமில்லை. பூமணி போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருந்த நாலு மாதத்தில், தொலைக்காட்சியோடு வாய்விட்டுச் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டிருந்தார். ஆனால் 'போகாதீர்கள்' என்று பெற்ற பிள்ளையிடம் கேட்பது அவரைப் பொறுத்தவரை பிச்சை கேட்பது மாதிரி. அதற்குப் பதில் பிரஷரே தன் சார்பில் பேசட்டும் என்று மனசுக்குள் ஒரு நப்பாசை வைத்திருந்தார். நூற்று அறுபத்தெட்டு கையில் இருக்கும்போது அவர் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த நூற்று இருபத்தெட்டு வந்து நின்றது. பிரஷர் இறங்கினால் யாருக்கு லாபம்? சரக்கு யாருக்குப் போகிறது என்று பார்த்தால் கடத்தியவன் யார் என்று தெரிந்துவிடும். இது அவர் தொழிலில் பாலபாடம். லாபம் புனிதாவுக்கு. மெஷினை வாங்கி வந்தவள் புனிதா. பட்டையைக் கட்டுகிறவள் புனிதா. பித்தானை அமுக்குகிறவளும் அவளே. அதற்கும் மேலே, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் அவளுக்கு என்ன வேலை தெரியுமா? தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதித்துத் திருத்துவது. அளவு காட்டும் மெஷினைத் திருப்பி முறுக்குவதையே தொழிலாக வைத்திருக்கிறவள் கையில் தன் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

புனிதாவை அவர் சந்தேகப்பட ஆரம்பித்தது இன்று நேற்றல்ல. சண்முகரத்தினத்தின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். புனிதா, லோரி ஓட்டிய பக்கிரிசாமியின் மகள். அவளுடைய முன்னோர்கள் எல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். மகன் இவளைக் கட்டுவேன் என்று நின்றபோது அவர் ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. கடைசியில் கல்யாணத்துக்குப் போனார், போய்ச் சரக்குச் சோதனைக்கு வந்தவர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றினார். பூமணி இறந்த பிறகு மகனும் மருமகளும் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவரோடு வந்து தங்கினார்கள். 'வீட்டுக்குக் குறி வைக்கிறாளோ' என்று அப்போதும் ஒரு சந்தேகம் வந்தது. அவள் மூன்று வருஷமாகச் சமைத்துப் போட்டும் அந்தச் சந்தேகம் முழுசாகச் சாகவில்லை, தூங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது எழுந்து உட்கார்ந்துவிட்டது.

மறுநாளிலிருந்து அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தார்.

காலையில் அவள் வேலைக்குப் புறப்படுமுன் மேசைக்கு எதிரே அவரை உட்காரவைப்பாள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் ஆடாமல் அசையாமல், பேசாமல் இருக்க வேண்டும் என்று மெஷினோடு வந்த தாளில் போட்டிருந்தது. அவர் பேசக் கூடாது. ஆனால் அவள் பேசக் கூடாது என்று எங்கேயும் போடவில்லையே! அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பாள்.

"கைய மேச மேல வைங்க மாமா. வாயத் தொறக்காதீங்க, மெஷின் கொழம்பிடும். நேத்து என்ன ஆச்சு தெரியுமா? எங்க ஸ்டோர்ல அந்தப் பூனை இருக்குல்ல, அது பிஸ்கட் பெட்டிக்குள்ள நாலு குட்டி போட்டுடுச்சு. மேனேஜர் 'பூனைய வெளிய கடாசு'ன்னு கத்துறாரு. கேட்ல காவலுக்கு நிக்கற ஜாகா அண்ணே அது எல்லாத்தையும் அள்ளி தன்னோட கார்டு போஸ்டுக்குள்ள வச்சுக்கிட்டு, 'எந்தப் பூனை பாஸ்?'னு கேக்குறாரு..."

சண்முகரத்தினம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அவள் விரல்களையே பார்ப்பார். அவள் பித்தானை அமுக்குவாள். பட்டை இறுகும், தளரும். நூற்று இருபத்தாறு. நூற்று முப்பது. நூற்று இருபத்தேழு. விரல்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அப்படியென்றால் தப்பு மெஷினுக்குள்ளே இருக்கிறது.

அவள் புறப்பட்டுப் போன பிறகு ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு அவரே பட்டையைக் கட்டிக்கொண்டார். ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தார். பேச ஆளே இல்லை, அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. சுவர்க் கடிகாரம், குளிர்பெட்டியின் உறுமல், பக்கத்து வீட்டு நாய், இவ்வளவுதான் சத்தம். அந்த ஜாகா பூனைக்குட்டிகளை எத்தனை நாளைக்கு ஒளித்து வைக்க முடியும் என்ற யோசனை வந்தது. சீ என்று அதைத் தள்ளிவிட்டுப் பித்தானை அமுக்கினார்.

நூற்று அறுபத்து நான்கு.

"ஆகா!" என்று மேசையைத் தட்டினார். பிடிபட்டுவிட்டது. அவள் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று!

உடனே மகனைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். தொழில் புத்திதான் தடுத்தது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தடவை, சரக்குக்காரனுடைய ஏஜெண்ட் வருமுன்னே அவசரப்பட்டு ஒரு கண்டெய்னரைத் திறந்துவிட்டார். உள்ளே கள்ளச் சரக்கு இருந்தது உண்மை. ஆனால் 'அதிகாரியே உள்ளே வைத்துவிட்டார்' என்று அவன் சாதித்தான். கேஸ் நிற்கவில்லை. மேலதிகாரி நாலு பேர் முன்னால் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றிலிருந்து சம்பந்தப்பட்ட ஆள் பக்கத்தில் நிற்காமல் அவர் ஒரு பெட்டியின் ஆணியைக்கூடப் பிடுங்கியதில்லை. தனியாகத் திறந்த பெட்டி சாட்சிக்கு ஆகாது. புனிதாவைப் பக்கத்திலேயே நிற்கவைத்து, அவள் கைபடாத வேறு மெஷினில் அளந்து, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

முதலில் கிள்ளானில் ஒரு பார்மசிக்கு அவளையே கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த மெஷினில் நூற்று இருபத்தொன்பது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் பார்மசிப் பெண் புனிதாவைப் பார்த்து, "வாங்க அக்கா, மெஷின் நல்லா வேல செய்யுதா?" என்று சிரித்ததைக் கவனித்துவிட்டார். வீட்டு மெஷினை வாங்கிய கடையே அதுதான். அப்படியானால் இவளும் கூட்டு!

கடைசியில் அவர் நினைவுக்கு வந்தவர் பழைய நண்பர் கார்த்திகேசு. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார், பத்து வருஷமாகச் சொந்தப் பிரஷர் மெஷின் வைத்திருக்கிறார். உலகத்தில் யாரையும் நம்பாத விஷயத்தில் சண்முகரத்தினத்துக்கே அண்ணன். இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"கார்த்திகேசுவைப் பாத்துக் கனநாள். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொண்டுபோய் விடுறியோ பிள்ளை?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார். புனிதா சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களுக்குத் தெரியும். அவரை வாசலில் இறக்கிவிட்டு, "நீங்க மேல போங்க மாமா, நான் பார்க்கிங் தேடிட்டு வரேன்" என்று புனிதா போய்விட்டாள்.

கார்த்திகேசு கதவைத் திறந்ததும் திறக்காததுமாக ஆரம்பித்தார். "கேள்விப்பட்டனான் காணும். பிள்ளையள் ஆஸ்திரேலியாவுக்காம்? இனி உம்மை ஏதாவதொரு ஹோமிலை கொண்டுபோய் விட்டுட்டு, தீபாவளிக்கு வீடியோ கோலிலை கை காட்டுவினம். எங்கட செல்லையாவுக்கும் உதுதானே நடந்தது."

சண்முகரத்தினம் கதையை முழுக்கச் சொன்னார். கார்த்திகேசுவின் கண்கள் மின்னின. வெகுநாளாகக் கிடைக்காத தீனி கிடைத்த மகிழ்ச்சி அது. உடனே மெஷினைக் கொண்டுவந்து கட்டினார். நூற்று எழுபத்திரண்டு.

"பாத்தீரோ! என்ர மெஷின் பொய் சொல்லாது. உவள் உம்மை நல்ல வடிவாய் ஏமாத்துறாள்."

கார்த்திகேசுவோடு பத்து நிமிஷம் பேசினால் யாருக்குத்தான் ஏறாது? அது சண்முகரத்தினத்துக்கு அப்போது தோன்றவில்லை. சாட்சி வரட்டும் என்று காத்திருந்தார்.

புனிதா கையில் ஒரு பொட்டலத்தோடு, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். கீழே வாங்கிய சூடான கறிபாப் பலகாரத்தைத் தட்டில் எடுத்து வைத்தாள். மேசைமேல் மெஷினைப் பார்த்ததும், "ஐயோ, இன்னிக்குக் காலையில எடுக்க மறந்துட்டோம்ல? நல்லவேளை" என்று அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இந்த மெஷினை நீ தொடாதை பிள்ளை. கார்த்திகேசு அமத்தட்டும். நீ சும்மா பாத்துக்கொண்டிரு" என்றார் சண்முகரத்தினம். குரலில் பழைய அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"சரி மாமா. ஆனா அஞ்சு நிமிஷம் நீங்க பேசக்கூடாது. அங்கிள், நீங்களும் பேசாதீங்க லா, அவருக்குக் கோபம் வரும்." கார்த்திகேசுவின் வாயை அந்த வீட்டிலேயே அடைத்த முதல் ஆள் அவள்தான். "மாமா, பூனை கத முடியல. அந்த மேனேஜர் இருக்காரே, நேத்து கார்டு போஸ்டுக்கே வந்துட்டாரு. ஜாகா அண்ணே குட்டிங்க மேல தன்னோட தொப்பியப் போட்டு மூடிட்டாரு. மேனேஜர் பேசிக்கிட்டே இருக்காரு, தொப்பி மெதுவா நகருது..."

சண்முகரத்தினம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கார்த்திகேசு பித்தானை அமுக்கினார்.

நூற்று இருபத்தெட்டு.

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிப் பார்த்தார். அவருக்கு எப்போதும் வருவதே வந்தது. மெஷினில் பழுதில்லை. அவர் நண்பனையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளை, நீ ஒருக்கா வெளியிலை போய் நில்லு பாப்பம்..."

"காணும் கார்த்திகேசு, விடும்!" என்று சண்முகரத்தினம் வெடுக்கென்று மறித்தார்.

புனிதா ஏன் என்பதுபோல் இருவரையும் பார்த்தாள். சண்முகரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. மெஷினிலும் இல்லை, பித்தானிலும் இல்லை, பார்மசிப் பெண்ணிலும் இல்லை. இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இறங்குகிறது. எழுந்து போனால் ஏறுகிறது. சாட்சி வேண்டும், சாட்சி வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் அவரே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு எப்படி அகப்படும்? மூன்று வருஷமாகச் சந்தேகப்பட்ட ஒரு பெண்ணின் பேச்சில் தன் ரத்தமே ஆறி அடங்குகிறது என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்கு அவமானமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. கறிபாப்பைக் கடித்துச் சமாளித்தார்.

திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் கார் நகரவில்லை. முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக நின்றன.

"உனக்குப் போக விருப்பமோ பிள்ளை?" என்று கேட்டார்.

"விருப்பம்தான் மாமா. பொய் சொல்ல மாட்டேன். படிச்சு முடிச்சதுலேருந்து அதே ஃபேக்டரி, அதே தராசு. இந்த நாட்டத் தாண்டி நான் எங்க போயிருக்கேன்? ஒரு தடவ வேற ஊரப் பாக்கலாமேன்னு இருக்கு. ஆனா உங்க நம்பர் எறங்கலன்னா நான் பிளேன் ஏற மாட்டேன்."

"நான்தான் சுகமாய் இருக்கிறன் எண்டு சொல்லுறனே."

"எங்கப்பாவும் அதான் சொன்னாரு." அவள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. "அவருக்கும் பிரஷர் மாமா. எப்பக் கேட்டாலும் 'எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்'னுவாரு. நானும் நம்பி ஷிஃப்டுக்குப் போயிட்டேன். வந்து பாக்கறப்ப பாத்ரூம்ல கெடந்தாரு. எப்ப விழுந்தாரோ தெரியல. அதுலேருந்து ஆம்பளைங்க வாயால சொல்றத நான் நம்பறதில்ல. நம்பரத்தான் நம்புவேன்."

அவருக்குத் தலை குனிந்தது. அந்தக் காருக்குள் சந்தேகப் பிராணி தான் ஒருவர் மட்டுமே என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாரே!

அன்றிலிருந்து கிளினிக்குக்குப் போகும் நாள்வரை அவர் மனசு ஒரு நிலையில் இல்லை. இப்போது கயிறு அவர் கையில்தான் இருந்தது. கிளினிக்கில் அறைக்குள் தனியாகப் போனால் போதும். நூற்று அறுபது, எழுபது என்று தானாக ஏறும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். டாக்டரே தடுத்துவிடுவார், மகன் வேலையை வேண்டாம் என்று எழுதிவிடுவான், காலையில் பூனைக் கதை தொடரும். எவ்வளவு சுலபம்! ஆனால் 'ஒரு தடவ வேற ஊரப் பாக்கலாமேன்னு இருக்கு' என்று அவள் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. தன் நோயைக் காட்டி அந்தப் பெண்ணைக் கட்டிப் போடுவதா? ஆறு மாதம் மகனோடு பேசாமல் இருந்ததற்கும், மண்டபத்தில் கையைக் கட்டிக்கொண்டு சுற்றியதற்கும், மெஷினில் கள்ளம் செய்தாள் என்று ஊர் ஊராகச் சோதனை போட்டதற்கும் ஒரு பரிகாரமாவது செய்ய வேண்டாமா?

கிளினிக்குக்குப் புனிதா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தாதி அவர் பெயரைக் கூப்பிட்டு, "சோராங் சஹாஜா" என்றாள். ஒருத்தர் மட்டும். புனிதா பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.

"இல்லை, மருமகளும் வர வேணும்" என்றார் சண்முகரத்தினம்.

புனிதாவுக்கு ஆச்சரியம். எந்த டாக்டரிடம் போனாலும் 'நீ வெளியிலை இரு, எனக்கு வாய் இருக்குது' என்று விரட்டுகிறவர் அவர். தாதி டாக்டரைப் பார்க்க, டாக்டர் ராஜினி சரி என்று தலையாட்டினார்.

உள்ளே போய் அவள் பக்கத்தில் நாற்காலி போடும்வரை அவர் சட்டைக் கையை மடிக்கவில்லை. "டொக்டர், அஞ்சு நிமிஷம் பொறுங்கோ" என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, இத்தனை நாளில் முதல் தடவையாகத் தன் வாயால் கேட்டார். "அந்தத் தொப்பி நகர்ந்தது, பிறகு?"

புனிதா சிரித்துவிட்டாள். "அதுவா? மேனேஜர் தொப்பியத் தூக்கிட்டாரு மாமா. அதுல ஒரு குட்டி அவரு சட்டையப் புடிச்சு ஏறிடுச்சு. இப்ப என்னடான்னா, அவரே ஒன்ன வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. அவரு சம்சாரம்..."

மெஷின் பீப் அடித்தது. நூற்று இருபத்தாறு.

"வெரி குட்" என்றார் டாக்டர். "வீட்லயும் இப்படித்தான் வருதுன்னா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. உங்க பையன் தைரியமா போகலாம்." புனிதா ஒரு பெருமூச்சு விட்டாள். டாக்டர் கணினியில் தட்டிக்கொண்டே, "வேற ஏதாவது சொல்லணுமா அங்கிள்? தனியா இருக்கறப்ப எடுத்துப் பாத்தீங்களா? மறைக்காம சொல்லுங்க" என்றார்.

முப்பது வருஷமாக அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. டிக்ளேர் செய்ய ஏதாவது இருக்கா? பொய்க்காரன் எப்படிப் பதில் சொல்வான் என்று சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை பீற்றியிருக்கிறார். யோக்கியன் பயந்துபோய்க் கீழே பார்ப்பான், சாவியைத் தேடுவான், பையைத் தடவுவான். கள்ளன் மட்டும்தான் கண்ணை நேருக்கு நேர் பார்த்துச் சொல்வான்.

சண்முகரத்தினம் டாக்டரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தார்.

"பாத்தனான். எப்பவும் உப்பிடித்தான். வேற ஒண்டுமில்லை."

புனிதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி ஒன்று எழுதியிருக்கும் எடைக்கு மேல் கனத்தால் அவர் அதை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தாள். விரட்டுகிற மனுஷன் இன்று உள்ளே கூப்பிட்டார். அன்று பிரிக்பீல்ட்ஸில் அந்த அங்கிள் 'வெளியிலை போய் நில்லு' என்றதும் இவர் வெடுக்கென்று மறித்தார். இப்போது இந்தப் பார்வை.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்று அவள் எழுந்தாள். "எங்க ஃபேக்டரில தராசு மேல கைய வச்சிக்கிட்டு நிறுக்க மாட்டோம். நான் வெளிய போறேன். இன்னொரு தடவ எடுங்க."

"பிள்ளை, இரு! ஏன் இப்ப..."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் ஒன்றும் கேட்காமல் அவரைக் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காரவைத்துவிட்டுப் பட்டையைச் சரிசெய்து பித்தானை அமுக்கினார். பட்டை இறுகியது. ஏறாதே, ஏறாதே என்று அவர் மனசுக்குள் மன்றாடினார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பெட்டிக்குள் எதுவும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

நூற்று அறுபத்தாறு.

டாக்டர் கதவைத் திறந்து புனிதாவைக் கூப்பிட்டார். அவள் வந்து எண்ணைப் பார்த்தாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. நாற்காலியை அவர் முன்னால் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, ஊர்ல உள்ள எல்லாரையும் நீங்க கேட்டிருக்கீங்க. உங்கள நாங்க யாரும் கேக்கல. இப்ப நான் கேக்கறேன். டிக்ளேர் பண்ண ஏதாவது இருக்கா?"

சண்முகரத்தினத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீழே பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். மூக்கில் இருந்த கண்ணாடியை மடியில் தேடினார்.

"இருக்கு" என்றார். "நீங்கள் போறது எனக்கு விருப்பமில்லை, பிள்ளை. அவன் போனாலும் பொறுப்பன். நீ காலமையிலை வந்திருந்து கதைக்காட்டில் என்னாலை ஏலாது. இதை என்னெண்டு வாயாலை கேக்கிறது? உன்னைப் போகவிட வேணும் எண்டும் இருந்தது. உண்மையாய்த்தான்."

டாக்டர் ராஜினி கணினித் திரையில் ஏதோ மிக முக்கியமானதைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார். புனிதா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கையில் இருந்த பட்டையைக் கழற்றினாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், ஆள் தனியாக இருக்கக் கூடாது, என்றும் சொன்னார்.

மருந்து வாங்கும் இடத்துக்கு நடக்கும்போதே புனிதா கணவனுக்குப் போன் போட்டாள். "ஜெயன், இன்னிக்குச் சாயந்திரம் சீக்கிரம் வந்துடு. உக்காந்து பேசணும். ஆமா, மூணு பேரும். பெர்த்ல மூணு பேருக்கு வீடு பாக்கறதா, இல்ல இங்கயே இருக்கறதா, அத மூணு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம். நீ பாட்டுக்கு எதையும் எழுதி அனுப்பிடாத."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சண்முகரத்தினம் கையை உதறவில்லை.

"இத ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே வாயத் தொறந்து சொல்லியிருந்தீங்கன்னா," என்றாள், "மெஷினுக்குப் போட்ட பேட்டரியாவது மிச்சமாயிருக்கும் லா மாமா."